தவணை பாக்கியான வீட்டிலேயே வாடகைக்குத் தொடர்வது எப்படி: அயர்லாந்தின் மார்ட்கேஜ் டு ரென்ட் திட்டம்

அயர்லாந்தில் வீட்டுக்கடன் வாங்கிய ஒருவருக்குத் தவணை பாக்கி ஏறிக்கொண்டே போகிறது, இனி எந்த ஏற்பாட்டிலும் இவரால் இந்தக் கடனை அடைக்க முடியாது என்று வங்கியே எழுத்தில் ஒப்புக்கொள்கிறது என்றால், வீட்டின் உரிமையை விட்டுக்கொடுத்து அதே வீட்டில் வாடகைதாரராகக் குடியிருக்க அரசு ஒரு வழி வைத்திருக்கிறது. அதற்கு மார்ட்கேஜ் டு ரென்ட் என்று பெயர். ஊரில் வீட்டை ஒத்திக்கு வைத்தால் பணம் கொடுத்தவர் குடியேறிவிடுவார், உரிமை நம்மிடம் இருக்கும். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு: உரிமை போய்விடும், குடியிருப்பு மட்டும் நம்மிடம் நிற்கும். இந்த வேறுபாட்டைக் குடும்பத்தில் எல்லோரும் முதல் நாளே புரிந்துகொள்ளவில்லை என்றால், பாதி வழியில் மனக்கசப்பு வரும். அதனால் வேறு எதையும் விளக்குவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

திட்டம் பிறந்த சூழல் சுருக்கமாக இது. 2007 வரை ஏறிய வீட்டு விலை அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் பாதிக்கும் கீழே சரிந்தது. கூடவே வேலையும் போனது. 2013 செப்டம்பர் இறுதியில், மக்கள் தாம் குடியிருக்கும் வீட்டின் பேரில் வாங்கிய கடன் கணக்குகளில் 12.9 சதவீதம் 90 நாளுக்கு மேல் பாக்கியில் இருந்தன. வீட்டை விற்றாலும் கடன் தீராது, விற்றவருக்கோ கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி அமைப்புதான் வேறு வீடு பார்த்துத் தரவேண்டியிருக்கும் என்ற நிலையில், 2011 அக்டோபரில் வந்த, அரசுக் குழு ஒன்றின் கீன் அறிக்கை இந்த யோசனையை முன்வைத்தது. 2012இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடக்க ஆண்டுகளில் அது நத்தை வேகத்தில்தான் நகர்ந்தது. 2017இல் விதிகளை மறுஆய்வு செய்து, லாப நோக்கற்ற வீட்டுவசதி அமைப்புகளோடு தனியார் நிறுவனங்களும் வீட்டை வாங்கிக் கவுன்சிலுக்கு 25 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம் என்று திறந்துவிட்ட பிறகே ஓரளவு வேகம் பிடித்தது. திட்டத்தை நிர்வகிப்பது ஹவுசிங் ஏஜென்சி என்ற அரசு அமைப்பு. கடன் கொடுத்தது கவுன்சிலே என்றால் அதற்குத் தனித் திட்டம் உண்டு. இங்கே எழுதுவது வங்கியிடமும், வங்கியிடமிருந்து கடனை விலைக்கு வாங்கிய நிதி நிறுவனங்களிடமும் கடன் உள்ளவர்களுக்கு.

இது உங்களுக்கான வழிதானா

மார்ட்கேஜ் டு ரென்ட் கடைசிப் படிக்கட்டு. அதற்கு மேலே இருக்கும் படிகளைப் பார்க்காமல் இதில் காலை வைக்கக் கூடாது. வட்டி மட்டும் கட்டும் காலம், கடன் காலத்தை நீட்டுதல், பாக்கியை அசலோடு சேர்த்தல், கடனை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தல் ஆகியவற்றை வங்கி முதலில் பரிசீலித்தாக வேண்டும். வேலை தற்காலிகமாகத்தான் போயிருக்கிறது, ஆறு மாதத்தில் திரும்பக் கிடைத்துவிடும் என்ற நிலையில் இருப்பவர் வீட்டின் உரிமையை விடுவது அவசரம். சீரான வருமானம் இருந்து கடன் மட்டும் மிதமிஞ்சிப் போனவர்களுக்கு, 2012ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் கீழ் ஆறு ஆண்டுகள் வரை நீளும் தனிநபர் கடன்தீர்வு ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதில் உரிமையோடு வீட்டைத் தக்கவைத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. வங்கி அதை நிராகரித்தாலும், 2015இல் வந்த திருத்தத்தின்படி நீதிமன்றம் அந்த முடிவை மறுபரிசீலனை செய்யலாம்.

இவற்றில் எது பொருந்தும் என்பதை வங்கி ஊழியரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்வது, சம்பந்தி வீட்டில் சீர்வரிசையின் அளவைக் கேட்பது மாதிரி. மாப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும், அரசு நிதியில் இயங்கும் இலவசக் கடன் ஆலோசனைச் சேவைக்குப் போங்கள். அதன் வழியாக, 2016இல் தொடங்கிய இன்னொரு சேவையும் கிடைக்கும். ஐரிஷ் மொழியில் 'வீட்டை நோக்கி' என்று பொருள்படும் அதன் பெயரை (Abhaile) அவால்யா என்பதுபோல ஒலிக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'அபைலே' என்று படித்துத் தொலைபேசியில் கேட்டால் எதிர்முனையில் சற்றுநேரம் மௌனம்தான் இருக்கும். அதன் வழியாக, வழக்கறிஞர் ஒருவரையோ கடன்தீர்வு வல்லுநர் ஒருவரையோ உங்கள் கைக்காசு இல்லாமல் சந்திக்கலாம். உங்கள் வங்கியின் பெயர், கடன் பாக்கி, வீட்டின் தோராய மதிப்பு, மாத வருமானம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனால் முதல் சந்திப்பிலேயே பாதி விஷயம் தெளிந்துவிடும்.

வங்கியோடு பேச்சை அறுக்காதீர்கள்

திட்டத்தின் வாசல் வங்கியில்தான் இருக்கிறது. நீங்களாக ஹவுசிங் ஏஜென்சிக்கு நேரடியாக மனு போட முடியாது. அயர்லாந்து மத்திய வங்கி வகுத்த விதிகளின்படி, பாக்கி விழுந்த கடனாளியோடு வங்கி பேசியாக வேண்டும், அவருடைய வரவு செலவை வாங்க வேண்டும், அதை மதிப்பிட வேண்டும், தீர்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நடைமுறையை மார்ப் என்கிறார்கள். அதன் முடிவில்தான், உங்கள் கடன் 'தாங்க முடியாதது' என்ற சொல்லோடு ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதம் வரும்போது அதை அவமானமாக எடுத்துக்கொண்டு டிராயரில் போட்டுப் பூட்டிய வீடுகள் உண்டு. உண்மையில் இந்தத் திட்டத்துக்குள் நுழைய வேண்டியவருக்கு அதுதான் நுழைவுச்சீட்டு.

நடைமுறைக்குள் நீங்கள் இருக்கும்வரை ஒரு பாதுகாப்பும் உண்டு. பாக்கி தொடங்கி எட்டு மாதம், அல்லது வேறு ஏற்பாடு இல்லை என்று வங்கி எழுத்தில் தெரிவித்ததிலிருந்து மூன்று மாதம், இவற்றில் எது பிந்தி வருகிறதோ அதுவரை வீட்டைக் கைப்பற்றும் வழக்கைத் தொடுக்கக் கூடாது என்பது மத்திய வங்கியின் 2013ஆம் ஆண்டு விதி. ஆனால் கடிதங்களுக்குப் பதில் சொல்லாமல், கேட்ட தாள்களைக் கொடுக்காமல் இருந்தால் வங்கி உங்களை 'ஒத்துழைக்காதவர்' என்று வகைப்படுத்தும். அதற்கு முன் எழுத்தில் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கைக் கடிதத்துக்காவது, வந்த வாரமே, ஒரு வரியாவது பதில் எழுதிவிடுங்கள். 'ஒத்துழைக்காதவர்' என்ற முத்திரை விழுந்துவிட்டால் மேலே சொன்ன காலக்கெடுவின் நிழல் உங்களுக்குக் கிடையாது. கடனை வேறு நிதி நிறுவனம் வாங்கிவிட்டது என்பதாலும் இந்த விதிகள் மாறுவதில்லை. யாரோ தெரியாத கம்பெனி பெயரில் கடிதம் வருகிறதே என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

வங்கி கேட்கும் முதல் தாள் நிலையான நிதி அறிக்கைப் படிவம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். டப்ளின் வடக்கில் ஒரு வீட்டின் சமையலறை மேசையில் உட்கார்ந்து கணவனும் மனைவியும் இந்தப் படிவத்தை நிரப்பியபோது கூட இருந்திருக்கிறேன். உணவுச் செலவு என்ற கட்டத்தில் அண்ணன் 300 யூரோ என்று எழுதினார். அண்ணி அலமாரியைத் திறந்து, அரிசி மூட்டையும் பருப்பும் வாங்கிய இந்தியக் கடை ரசீதுகளை எடுத்து வைத்தார். சூப்பர்மார்க்கெட் ரசீதுகளையும் சேர்த்துக் கூட்டினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. செலவைக் குறைத்துக் காட்டினால் கௌரவம் என்று அவர் நினைத்திருந்தார். குறைத்துக் காட்டினால், 'இவரிடம்தான் மிச்சம் இருக்கிறதே, தவணை கட்டலாமே' என்று வங்கி முடிவுகட்டும். தாங்க முடியாத கடன் என்ற கடிதம் வராது. அதே படிவத்தில், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் 150 யூரோவை எழுதவே இல்லை. வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்தப் பணம் போவது தெரியும்; படிவத்தில் இல்லை என்றால் மறைத்ததாகப் படும். உள்ளதை உள்ளபடி, ரசீதோடு எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் கார் காப்பீடு, பள்ளிச் சீருடை, மருந்துச் செலவு ஆகியவற்றைப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம். கையெழுத்திடும் முன் மாப்ஸ் ஆலோசகர் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது. நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

இந்தக் காலம் முழுவதும் முடிந்த தொகையைக் கட்டிக்கொண்டிருங்கள். முழுத் தவணை முடியாவிட்டாலும், மாதம் தவறாமல் சிறிதாவது போய்க்கொண்டிருப்பது நீதிமன்றத்திலும் உங்கள் பக்கம் பேசும்.

கவுன்சிலின் பரிசோதனை

வங்கியின் கடிதம் வந்த பிறகு, நீங்கள் சமூக வீட்டுவசதிக்கு, அதாவது குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு ஆதரவில் கிடைக்கும் வாடகை வீட்டுக்கு, தகுதியானவரா என்பதை உங்கள் பகுதிக் கவுன்சில் தீர்மானிக்க வேண்டும். கவுன்சில் வீட்டுக்குக் காத்திருப்போர் நிரப்பும் அதே மனுவைத்தான் நீங்களும் நிரப்புவீர்கள். நான் சொந்த வீட்டுக்காரன், எனக்கெதற்கு அந்தப் படிவம் என்று தயங்குபவர்கள் உண்டு. இந்தத் தகுதி கிடைக்காமல் திட்டம் ஓர் அடியும் நகராது.

வருமான வரம்பு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். 2023 ஜனவரி முதல் மூன்று படிகள் இருக்கின்றன: தனி நபருக்கு ஆண்டுக்கு 40,000 யூரோ, 35,000 யூரோ, 30,000 யூரோ. டப்ளின், கார்க் மாநகரம், கால்வே மாநகரம் ஆகியவை முதல் படியில் வரும். இது வரியும் சமூகக் காப்பீடும் கழித்துக் கையில் வரும் வருமானம். சம்பளச் சீட்டின் மேல் வரியில் இருக்கும் தொகையைப் பார்த்து, நமக்குத் தகுதியில்லை என்று பின்வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் கூடுதலாக உள்ள பெரியவர் ஒருவருக்கு 5 சதவீதம், குழந்தை ஒருவருக்கு 2.5 சதவீதம் என்று வரம்பு உயரும். இரண்டு வகைக்கும் தனித்தனியே 10 சதவீதம் உச்சம். ஆக, டப்ளினில் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் வரம்பு 44,000 யூரோ. குழந்தைகளுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை இந்தக் கணக்கில் சேராது.

அடுத்தது சொத்து. அயர்லாந்தில் வேறு வீடு இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. திருச்சியில் அப்பா பெயரிலிருந்து தனக்கு வந்த வீடும், யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிய காணியும் சொத்துதான் என்பது பலருக்கு உறைப்பதில்லை. பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்தில் ஆறில் ஒரு பங்கு, அதிலும் அத்தை குடியிருக்கிறார், விற்க முடியாது என்ற மாதிரிச் சிக்கல்கள் நம்மிடம் ஏராளம். இவற்றைச் சொத்தாகக் கணக்கில் எடுப்பதா விடுவதா என்பதை நீங்களே தீர்மானித்து மறைக்காதீர்கள். பத்திர நகலோடு, அந்தப் பங்கை ஏன் விற்கவோ அனுபவிக்கவோ முடியவில்லை என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, தேவைப்பட்டால் ஊரிலுள்ள வக்கீலிடம் ஒரு குறிப்பு வாங்கி இணைத்துவிடுங்கள். தெரிவித்த பின் விளக்கம் கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாம். மறைத்தது பிறகு தெரியவந்தால், மற்ற எல்லாத் தாள்களின் மேலும் சந்தேகம் விழும். நகையும் சேமிப்பும் இதே பார்வையில்தான் வரும்.

குடும்பம் அயர்லாந்தில் நீண்டகாலம் தங்கும் உரிமை உடையதாக இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. ஐரிஷ் குடியுரிமை பெற்றவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. வேலை அனுமதியில் இருப்பவர்கள் மனுவுக்கு முன் தங்கள் விசா நிலையை வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்பது நல்லது.

கணவன் மனைவி பிரிந்திருந்தால், கடனில் பெயர் உள்ள இருவரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் நாட்டை விட்டே போய்விட்டார் என்பது மாதிரியான வழக்குகள் இங்கேதான் முடங்கிக் கிடக்கின்றன. பிரிவு ஒப்பந்தமோ நீதிமன்ற உத்தரவோ இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே கொடுங்கள்.

வீடு தேறுமா

இதுவரை உங்களைப் பரிசோதித்தார்கள். இனி வீட்டை. அதன் சந்தை மதிப்பு இடத்துக்கும் வகைக்கும் ஏற்ப வகுத்த உச்சவரம்புக்குள் இருக்க வேண்டும். தனி வீட்டுக்கு ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒன்று, டப்ளின் போன்ற விலையுயர்ந்த பகுதிகளுக்கு வேறு என்று அந்த வரம்பு அவ்வப்போது திருத்தப்படுகிறது. பெரும்பாலும் வீட்டின் மதிப்பைவிடக் கடன் அதிகமாக இருக்கும் வீடுகளுக்காகவே திட்டம் வகுக்கப்பட்டது. கடன் போகக் கணிசமான தொகை மிஞ்சும் வீடு என்றால் விற்றுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். வீட்டின் அளவும் குடும்பத்துக்குப் பொருந்த வேண்டும். பிள்ளைகள் படித்து வெளியேறி, நான்கு படுக்கையறையில் இருவர் மட்டும் இருப்பது கேள்விக்குள்ளாகும்.

வீட்டை வாங்க ஓர் அமைப்பு முன்வந்தால், மதிப்பீட்டாளரும் கட்டடப் பரிசோதகரும் வீட்டைப் பார்க்க வருவார்கள். பரிசோதகர் வரும் நாளில் வீட்டைப் பெருக்கித் துடைத்து வைப்பது நம் வழக்கம். அவர் பார்ப்பது அதையல்ல. பரணில் ஏறி டார்ச் அடித்து மரச்சட்டத்தில் ஈரக்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார், குளியலறைச் சுவரின் மூலையில் கருத்த பூசணத்தைப் படமெடுப்பார், பாய்லரின் வயதைக் குறித்துக்கொள்வார். பின்புறம் நீங்கள் கூட்டிக் கட்டிய அறைக்கு முன்னால் நின்று, இதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்பார். அந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் திணறுகிறார்கள். 2006இல் தெரிந்த மேஸ்திரியை வைத்துக் கட்டியது, தாள் எதுவும் இல்லை என்றால், வீடு வாங்கும் தரப்பு வழக்கறிஞர் அங்கேயே நிறுத்திவிடுவார். கட்டடக்கலைஞர் ஒருவரிடம் விதிகளுக்கு இணங்கிக் கட்டியது என்ற சான்றை முன்கூட்டியே பெற முடியுமா என்று பாருங்கள். அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டணப் பாக்கி, வீட்டின் மேல் வேறு கடன்காரர் நீதிமன்றம் மூலம் பதிவு செய்த பிணை ஆகியவையும் இதே மாதிரி முட்டுக்கட்டைகள்.

வங்கி, கவுன்சில், ஹவுசிங் ஏஜென்சி, வாங்கும் அமைப்பு, இரண்டு தரப்பு வழக்கறிஞர்கள் என்று இத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டியிருப்பதால் மாதங்கள் ஓடும். ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. மாதம் ஒருமுறை வங்கியின் பொறுப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதி, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தொலைபேசியில் பேசினால், பேசிய தேதியையும் பேசியவர் பெயரையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

மிச்சக்கடன்

என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தில் இரவு உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். அசலில் 2,60,000 யூரோ நிற்கிறது, தவணை பாக்கி 35,000 யூரோ. ஆக மொத்தக் கடன் 2,95,000 யூரோ. வீட்டின் சந்தை மதிப்பு 2,40,000 யூரோ. வாங்கும் அமைப்பு அந்த விலையை வங்கிக்குக் கொடுக்கும். உங்கள் கைக்கு ஒரு காசும் வராது. வீட்டில் திருத்த வேலை இருந்தால் அதன் செலவும் விலைப்பேச்சில் வரலாம். அது இல்லாமலேயே 55,000 யூரோ துண்டு விழுகிறது. வீடும் போய், வாடகையும் கட்டி, இந்த 55,000 யூரோவையும் கட்ட வேண்டுமா?

வீடு கைமாறியதும் மிச்சக்கடன் தானாக அழிந்துவிடாது. அதைத் தள்ளுபடி செய்வதா, ஒரு பகுதியைக் கேட்பதா என்பது உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான பேச்சு. தள்ளுபடி செய்யும் வங்கிகள் இருக்கின்றன. ஆனால் 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தொலைபேசியில் சொன்னது தள்ளுபடி ஆகாது. 'சொத்து கைமாறும் நாளில் எஞ்சிய தொகை முழுவதற்கும் இறுதித் தீர்வு' என்ற பொருள்படும் வாசகம் வங்கியின் கடிதத்தில் இருக்க வேண்டும். 'தற்சமயம் வசூலிக்கும் எண்ணம் இல்லை' என்று எழுதியிருந்தால் அது வேறு; நாளைக்கு அந்த எண்ணம் வரலாம், அல்லது அந்த மிச்சக்கடனை வேறொருவருக்கு விற்றுவிடலாம். இந்த இரண்டு வாசகங்களுக்கும் உள்ள தூரம் 55,000 யூரோ. உங்கள் வழக்கறிஞர் இந்தக் கடிதத்தைப் படித்து, சரி என்று சொல்லும்வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டாம். அந்த வழக்கறிஞர் வங்கிக்கோ வாங்கும் அமைப்புக்கோ வேலை செய்பவராக இருக்கக் கூடாது. முழுத் தள்ளுபடி கிடைக்காதபோது, முதலில் குறிப்பிட்ட தனிநபர் கடன்தீர்வு ஏற்பாடு, அல்லது 2016 முதல் ஓராண்டில் முடிந்துவிடும் திவால் நடைமுறை ஆகியவற்றை அந்த மிச்சத்துக்காக யோசிக்கலாமா என்று வல்லுநரிடம் கேளுங்கள். தீர்ந்த கடனின் விவரம் மத்தியக் கடன் பதிவேட்டில் மேலும் ஐந்து ஆண்டுகள் இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வாடகைதாரரான பிறகு

விற்பனைப் பத்திரமும் வாடகை ஒப்பந்தமும் ஒரே சமயத்தில் முடியும்படி ஏற்பாடு செய்வார்கள். பொருள்களை எங்கும் தூக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி மாறாது. தெருவில் யாருக்கும் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. லாப நோக்கற்ற வீட்டுவசதி அமைப்பு வாங்கியிருந்தால் அதுவே உங்கள் வீட்டுக்காரர். 2016 ஏப்ரல் முதல் அத்தகைய வாடகைதாரர்கள் குடியிருப்பு வாடகை வாரியத்தின் பாதுகாப்பில் வருகிறார்கள், தகராறு என்றால் அங்கே முறையிடலாம். தனியார் நிறுவனம் வாங்கிக் கவுன்சிலுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் கவுன்சில்தான் உங்கள் வீட்டுக்காரர்; அப்போது புகார்களுக்குக் கவுன்சிலின் நடைமுறையைப் பின்பற்ற வேண்டும். இரண்டில் எது என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை சந்தை விலையில் இராது. குடும்ப வருமானத்தை வைத்துக் கவுன்சில் கணக்கிடும் வாடகை அது. வருமானம் குறைந்தால் குறையும், கூடினால் கூடும். மகனோ மகளோ வேலைக்குப் போகத் தொடங்கினால் அவர்கள் சம்பளமும் கணக்கில் வரும், அதைத் தெரிவிக்காமல் விட்டால் பின்தேதியிட்டு வாடகை பாக்கி ஏறும். வாடகை கட்டாவிட்டால் மற்ற வாடகைதாரர்களைப் போலவே வெளியேற்றப்படலாம். முன்னாள் உரிமையாளர் என்ற சலுகை எதுவும் இல்லை. கூரை, பாய்லர், கட்டடக் காப்பீடு, உள்ளூர்ச் சொத்து வரி ஆகியவை இனி உங்கள் தலைவலி அல்ல. வீட்டுப் பொருள்களுக்கான காப்பீடு மட்டும் உங்கள் பொறுப்பு. வீட்டுக்கடனோடு சேர்த்து எடுத்த ஆயுள் காப்பீட்டின் தவணை வங்கிக் கணக்கிலிருந்து தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முதல் மாதமே முடிவு செய்யுங்கள். சுவரை இடிப்பதற்கும், பின்புறம் கொட்டகை போடுவதற்கும் இனி அனுமதி கேட்க வேண்டும். 15 ஆண்டுகள் சொந்தமாக இருந்த வீட்டில் இது சிலருக்குக் கடனைவிடக் கசக்கிறது.

நிலைமை தேறினால், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு திட்டத்தில் இருக்கிறது. அப்போதைய சந்தை விலைக்குத்தான் வாங்க முடியும். விற்ற விலைக்கு அல்ல. அந்த நிபந்தனை ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று உங்கள் வழக்கறிஞரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இந்த ஒரு வாய்ப்பை நம்பி மட்டும் திட்டத்தில் சேர வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இதே பேச்சோடு வரும் தனியாரிடம் எச்சரிக்கை

'உங்கள் வீட்டை நாங்கள் உடனே வாங்கிக்கொள்கிறோம், நீங்களே வாடகைக்கு இருங்கள், இரண்டு வாரத்தில் பணம்' என்று துண்டுப்பிரசுரத்தோடு வருபவருக்கும் மேலே விவரித்த திட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்து நாடான பிரிட்டனில் இந்த வியாபாரம் 2008 வாக்கில் பெருகியது. சந்தை விலைக்குக் கணிசமாகக் குறைத்து வீட்டை வாங்கி, ஆறு மாதமோ ஓராண்டோ குடியிருப்பு ஒப்பந்தம் கொடுத்து, அது முடிந்ததும் வாடகையை ஏற்றினார்கள் அல்லது காலி செய்யச் சொன்னார்கள். சில இடங்களில் வாங்கியவரே தன் கடனைக் கட்டாமல் விட, முன்னாள் உரிமையாளர் இரண்டாம் முறை வீட்டை இழந்தார். அங்கிருந்த நிதிச் சேவை ஆணையம் 2009இல் இதை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. 2012இல் அது ஆய்ந்து பார்த்தபோது, பெரும்பாலான விற்பனைகள் அந்தக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாதவை, அல்லது அவர்கள் செய்திருக்கவே கூடாதவை என்று தெரிந்தது. அந்தச் சந்தையே கிட்டத்தட்ட மூடிக்கொண்டது. அரசுத் திட்டத்தில் வங்கியின் கடிதம், கவுன்சிலின் தகுதி முடிவு, ஹவுசிங் ஏஜென்சியின் கோப்பு ஆகிய மூன்றும் இருக்கும். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் கையெழுத்துக் கேட்பவரிடம் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மறுத்துவிட்டால்

மறுப்பு எந்த மேசையிலிருந்து வந்தது என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடன் தாங்கக்கூடியதுதான் என்று வங்கி சொன்னால், வங்கிக்குள்ளேயே இருக்கும் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். அதிலும் தீராவிட்டால் நிதிச் சேவைகள் மற்றும் ஓய்வூதியக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். வருமானம் வரம்பை மீறுகிறது என்று கவுன்சில் சொன்னால், எந்தப் பன்னிரண்டு மாதத்தை வைத்துக் கணக்கிட்டார்கள், ஒருமுறை மட்டும் வந்த ஓவர்டைம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வேலைநேரம் குறைந்திருந்தால் புதிய சம்பளச் சீட்டுகளோடு திரும்ப மனு போடலாம். வீட்டின் நிலை சரியில்லை என்று ஓர் அமைப்பு கைவிட்டால், வேறு அமைப்பு எடுத்துக்கொள்ளுமா என்று வங்கி மூலம் கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் வேண்டாம் என்ற வீட்டை இன்னொருவர் வாங்கியதுண்டு. இதற்கிடையே சர்க்யூட் நீதிமன்றத்திலிருந்து வீட்டைக் கைப்பற்றும் வழக்கின் அழைப்பாணை வந்துவிட்டால் அந்தத் தேதியில் நேரில் போய் நில்லுங்கள். முதல் விசாரணையிலேயே வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்பது தவறான பயம். அங்கே அவால்யா சேவையின் வழக்கறிஞர் இருப்பார், மாப்ஸ் ஆலோசகரும் இருப்பார். மார்ட்கேஜ் டு ரென்ட் மனு நிலுவையில் இருக்கிறது என்று காட்டும் கடிதத்தின் நகலை அவர்களிடம் கொடுத்து, ஒத்திவைக்கும்படி கேட்கச் சொல்லுங்கள்.